மூன்றாவது லேன்

பைபாஸ் என்று டாக்டர் சொன்னதும்
சிரித்துவிட்டேன்.
பதினோரு வருஷமாய் நான் உட்கார்ந்திருப்பதே
பைபாஸில்தான்.
கிருஷ்ணகிரி சுங்கச்சாவடி,
மூன்றாவது லேன், இரவு ஷிப்ட்.

அவர் சிரிக்கவில்லை.
இடது காலிலிருந்து ஒரு ரத்தக்குழாயை உருவி
நெஞ்சுக்குள் மாற்றுப்பாதை போட்டார்கள், ஓசூரில்.
பிளந்த எலும்பைக் கம்பி வைத்து முறுக்கினார்கள்.

ஐந்தாம் நாள் இருமல் வந்தது.
இருமல் என்றால் என்னவென்று
அதுவரை எனக்குத் தெரியாது.
அமலோற்பவம் சிஸ்டர் ஒரு தலையணையைக் கொடுத்து
"கட்டிப் புடிச்சுக்கிட்டு இருமுங்க" என்றாள்.
மூத்தவன் பிறந்த ராத்திரிக்குப் பிறகு
இத்தனை இறுக்கமாய்
நான் எதையும் பிடித்ததில்லை.

பிறகு அந்த மூன்று பந்து டப்பா.
மூச்சை உறிஞ்சினால் பந்து ஏற வேண்டும்.
ஒன்று ஏறியது.
இரண்டாவது, தொப்பூர் கணவாயில் திணறும்
பதினாறு சக்கர வண்டி போலப்
பாதியில் நின்றது.
மூன்றாவதைப் பற்றிப் பேச்சே இல்லை.

"வலி எவ்வளவு, பத்துக்கு?"
தினம் மூன்று வேளையும் கேட்பாள்.
ஏழு என்பேன். எழுதிக்கொள்வாள்.

மாத்திரை மாத்திரைதான்.
அதை யாரும் நிறுத்தவில்லை.
ஆனால் ஒரு மாத்திரைக்கும் அடுத்ததற்கும் நடுவே
ஆறு மணி நேரம் கிடக்கிறதே,
அதற்கென்று அவளிடம்
சில சின்னச் சாமான்கள் இருந்தன.

பஞ்சில் ஒரு சொட்டு லாவண்டர் எண்ணெய்.
மோந்ததும் வயிற்றைப் புரட்டியது.
"சரி, உங்களுக்கு எந்த வாசனை புடிக்கும்?"
சொல்ல வெட்கமாய் இருந்தது.
டீசல்.
மழை விழுந்த தாரில் டீசல்.

கண்ணை மூடுங்க, கடலை நெனைங்க என்றாள்.
நான் கடல் பார்த்ததில்லை.
கே.ஆர்.பி. அணையை நினைத்தேன்.
ஷட்டரைத் திறந்துவிடுவார்களோ என்று
பயமாய்ப் போயிற்று.
கடைசியில் மூடிய கண்ணுக்குள் வந்து நின்றது
மூன்றாவது லேன்.
அதுவே இருக்கட்டும் என்றாள்.

மூச்சை இழுத்தால் தடுப்புக்கட்டை கீழே.
விட்டால் மேலே.
வலி வருகிறது
பெங்களூர்ப் பக்கமிருந்து,
ஹெட்லைட்டைத் தணிக்காமல்.
நிறுத்துகிறேன்.
எத்தனை சக்கரம், என்ன லோடு?
கிரானைட். சங்கிலி கூடச் சரியாய்க் கட்டவில்லை.
எங்கே போறே?
பதில் இல்லை. எந்த டிரைவர்தான் சொல்கிறான்.
சீட்டைக் கிழித்துக் கொடுக்கிறேன்.
போ.
அடுத்து.

இப்போதெல்லாம் ஸ்டிக்கர் ஒட்டிய வண்டிகள்
என் முகத்தைப் பார்ப்பதே இல்லை.
என் வலிக்கு ஸ்டிக்கர் இல்லை.
ஒவ்வொன்றும் நின்று,
சில்லறைக்குச் சண்டை போட்டு,
பின்னால் வரிசையே ஹாரன் அடித்த பிறகுதான்
நகர்கிறது.
ஆனாலும் நகர்கிறது.

வீட்டுக்கு வந்து ஒன்பதாம் நாள்
சிஸ்டர் காட்டிக்கொடுத்த மாதிரி
பாதம் பிடித்துவிட வந்தார் வீட்டுக்காரர்.
பர்கூர் பட்டறையில் கல்லுக்குப் பாலீஷ் போடுகிறவர்.
முதலில் கதவைச் சாத்தினார்,
அக்கா ஊரிலிருந்து வந்திருந்தாள்.
இடது கால் கூடாது, தையல்.
வலது மட்டும்.

உள்ளங்கை உப்புத்தாள்.
"நெஞ்சுதானே வலிக்குது,
இங்கே அமுக்கினா எப்படிக் குறையும்?"
"தெரியாது. அமுக்குங்க."

குதிகால் வெடிப்பில் அவர் கட்டைவிரல் நின்றது.
பலகையில் கீறல் தேடுகிறவராய்
டியூப்லைட் பக்கம் பாதத்தைத் திருப்பிப் பார்த்தார்.
"இது எப்போலேர்ந்து?"
எட்டு வருஷம் என்றேன்.
ஒன்றும் பேசவில்லை.
தேங்காய் எண்ணெய் தீரும்வரை
அந்த இடத்தையே சுற்றிக்கொண்டிருந்தார்.

"எத்தனை, பத்துக்கு?"
அவரும் கேட்கக் கற்றிருந்தார்.
நாலு என்றேன்.
உண்மையில் ஐந்து.
மீதி ஒன்று,
சில்லறை இல்லாததால்
அவரிடமே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.